அடைத்த பல் மீண்டும் நோவது ஏன்?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளில் இன்று இழுத்துவைக்கப்பட்டிருக்கும் படகுகளுள் பெரும்பாலானவை பைபர்ப் படகுகள். கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து ஒரே உடலாக வார்த்தெடுப்பதால் அவற்றிற்குப் பலகைப் பொருத்து என்பது இல்லை. முன்னாளில் மரத்தோணி வைத்திருந்தோரின் கவலை வேறு. இரண்டு பலகைகள் கூடும் வாயிற் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையைப் பூசி அடைப்பது அவர்களுக்கு ஓயாத வேலையாயிருந்தது. பலகை எத்துணை வைரம் பாய்ந்ததாயினும், தோணிக்குள் நீர் புகுவது அவை கூடுமிடத்தின் வழியாகவே. பல்லில் வைக்கப்படும் அடைப்பின் கதையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

சூத்தை விழுந்த பல்லைத் துப்புரவு செய்து அடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். சில ஆண்டுகளின் பின் அதே பல் நோகத் தொடங்கும்போது, "அடைப்பெல்லாம் வீண், பிடுங்கிவிடுங்கள்" என்று வைத்தியரைக் கேட்போரும் பலர். அப்பல்லைத் திறந்து பார்த்தால் வைத்த அடைப்பு உடையாமல் தேயாமல் அப்படியே இருப்பதுண்டு. கெட்டுப்போனது அதன் ஓரம். அடைப்புக்கும் பல்லுக்கும் இடையில் மயிரிழையிலும் நுண்ணிய இடுக்கு ஒன்று உண்டாகி, அதன் வழியே எச்சிலும் கிருமிகளும் இறங்கியிருக்கும். சூத்தையை உண்டாக்கும் கிருமியின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அளவே. நமக்குப் புலப்படாத இடுக்கு அதற்கு அகலத் திறந்த வாயில். இடுக்கு இருந்தாலே சூத்தை வந்துவிடும் என்பதுமில்லை. இனிப்பும் துலக்காத வாயும் துணைசெய்ய வேண்டும். அத்துணை எவ்வூரிலும் எளிதிற் கிடைத்துவிடுகிறது என்பதே தொல்லை.

இந்த இடுக்கு எவ்வாறு இயங்குகிறது என்பதை 1952ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நெல்சனும் அவருடைய தோழர் இருவரும் மிக எளிய சோதனையொன்றாற் காட்டினர். அடைப்பு வைத்த பல்லைப் பனிக்கட்டி நீரில் இட்டுக் குளிர்வித்துப் பின்னர் வெளியே எடுத்து வெதுவெதுப்பாக்கினர். அடைப்பின் ஓரம் முழுதும் பனித்துளி போல நீர் அரும்பிற்று. குளிரில் அடைப்பு பல்லைவிட அதிகமாகச் சுருங்க, இடுக்கு விரிந்து நீரை உள்ளிழுத்தது. சூட்டில் அடைப்பு விரிய, அந்நீர் வெளியே தள்ளப்பட்டது. அக்காலத்து அக்கிரிலிக் அடைப்புகள் பல்லைப் போல் ஏழெட்டு மடங்கு விரிந்து சுருங்கும் இயல்புடையவை. சூடான வெறுந்தேநீரை அருந்திவிட்டு அதே வாயால் பலூடாவைச் சுவைப்பவர், தாம் அறியாமலே அச்சோதனையைத் தம் வாயில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

வெள்ளி நிறமான இரசக்கலவை நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் பல்லடைக்க உதவியது. அது பல்லோடு ஒட்டுவதே இல்லை. வாய் ஒடுங்கி வயிறு பெருத்த குடத்தைப் போலப் பல்லைக் குடைந்து, அதற்குள் கலவையை அழுத்தி இறுக வைப்பார்கள். இறுகிய கட்டி வெளியே வரமாட்டாது. அக்குடத்தைக் குடைவதற்காக நல்ல பல்லையும் வெட்டியெறிய வேண்டியிருந்தது என்பதுதான் அதன் விலை. ஆயினும் ஒரு விந்தை: இரசக்கலவையின் ஓரத்தில் நாளடைவில் உண்டாகும் அரிப்புப் பொருள், இடுக்கைத் தானே மெல்ல அடைத்துவிடும். புதிதில் கசியும் அடைப்பு பழையதானபின் கசிவு குறைவது இப்பொருளில் மட்டுமே எனலாம். அதில் இரசம் இருப்பதால் அதன் காலம் முடிவுக்கு வருகிறது. இலங்கையும் பங்காளியான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், 2034ஆம் ஆண்டுக்குள் அதனைக் கைவிடுவதென 2025இல் முடிவு செய்தன. அதனிடத்தில் வருவது எதுவாயினும், அது பல்லோடு ஒட்டிநிற்க வேண்டிய பொருள்.

ஒட்டவைக்கும் வழியைத் தொடக்கியவர் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரில் ஆய்வு செய்த மைக்கேல் புவொனொகோர். உலோகத்தின் மீது வண்ணம் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பொசுபோரிக் அமிலம் தடவுவதை அவர் அறிந்திருந்தார். அதையே பல்லிலும் செய்து பார்த்து 1955இல் வெளியிட்டார். பல்லின் மேற்போர்வையாகிய மிளிரி, நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனியுப்பு. அரை நிமிடம் அமிலம் பட்டதும் அதன் வழவழப்பான முகத்தில் எண்ணற்ற நுண்குழிகள் தோன்றுகின்றன. நீர்போன்ற பிசின் அவற்றுள் இறங்கி இறுகும்போது, ஆலமரத்து வேர் சுவரைப் பற்றுவதுபோலப் பற்றிக்கொள்கிறது. 1962இல் போவென் என்பார் பளிங்குத் தூளைச் சேர்த்து வலுவூட்டிய பிசினுக்கு உரிமம் பெற்றார். கல்முனைப் படகும் பல்லின் நிறத்து அடைப்பும் பிசினையும் கண்ணாடியையும் சேர்த்த ஒரே குலத்தவை என்பதை அறிந்தால் மீனவர் வியப்படையக்கூடும்.

மிளிரியிற் கிடைத்த வெற்றி அதற்கு உள்ளேயிருக்கும் பன்முதலில் எளிதிற் கிடைக்கவில்லை. பன்முதல் ஈரமானது; மச்சையிலிருந்து வரும் நுண்குழாய்கள் ஊடுருவியது; கனியுப்போடு நார்ப்புரதமும் கலந்தது. அமிலம் பட்டு உப்புக் கரைந்தபின் எஞ்சுவது நார்வலை. கரைவலை நீருக்குள் இருக்கும்போது கண் விரிந்து நிற்பதையும், மணலில் இழுத்துப் போட்டதும் ஒன்றன்மேலொன்றாய்ச் சுருண்டு குவிவதையும் இக்கடலோரத்தார் நாள்தோறும் காண்பர். பன்முதலின் நார்வலையும் அத்தகையதே. காற்றடித்து மிகையாக உலர்த்தினால் அது படிந்துவிடும். பிசின் நுழைய வழியிராது. நீர் மிகுந்தாலோ பிசின் நீர்த்துப்போகும். விரிந்த வலைக்குள் பிசின் புகுந்து இறுகிய கலப்புப் படையை 1982இல் எடுத்துக்காட்டியவர் யப்பானியரான நக்கபயாஷி. அந்தப் படையும் என்றும் நிலைப்பதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல நீரால் தளர்கிறது. போதாக்குறைக்கு, நீல ஒளி பட்டு இறுகும்போது பிசினடைப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கி, தான் பற்றிய சுவரையே இழுக்கிறது. அதனாற்றான் வைத்தியர் அதனைச் சிறிது சிறிதாக, படைபடையாக வைக்கிறார். நேரம் செல்கிறதே என்று நாற்காலியிலிருப்பவர் சலித்துக்கொள்ளலாகாது.

ஒட்டும் நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் வேலை கெடும். பல்லைச் சுற்றி மெல்லிய இறப்பர்த் தாளைக் கட்டி வாயீரத்தைத் தடுக்கும் முறை 1864இலேயே நியூயோர்க்கிற் பிறந்தது. இறப்பர் விளையும் நாட்டிலும் அத்தாளைக் காணாத வாய்களே மிகுதி. காலையில் நீண்ட வரிசை காத்திருக்கும் வைத்தியசாலையிற் பஞ்சுச் சுருளே துணை.

அத்தகைய இடங்களுக்கு ஏற்றதாய் அமைந்தது கண்ணாடி அயனோமர் சிமெந்து. இலண்டனில் வில்சனும் கென்றும் ஆக்கி 1972இல் விவரித்த இச்சிமெந்து, பல்லிலுள்ள கல்சியத்தோடு இரசாயன முறையிலேயே பிணைகிறது. பல்லளவே விரிந்து சுருங்குகிறது. புளோரைட்டைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. மின்சாரமும் துளைப்பொறியும் இன்றிக் கைக்கருவியாற் சூத்தையைச் சுரண்டி, இச்சிமெந்தை விரலால் அழுத்தி அடைக்கும் முறை 1980களின் நடுவில் தன்சானியாவில் உருவாகிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. குறையும் உண்டு. கடைவாய்ப் பல்லின் பெரிய குழியில், அதுவும் நாள்முழுதும் பாக்கு மெல்லும் வாயில், அது தேய்ந்து உடையும். வைத்த தொடக்கத்தில் நீர்பட்டாலும் வலுவிழக்கும். மேலே வசலீன் பூசிவிடுவது அதற்காகவே.

இங்கே கராம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பல் நொந்தால் கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துக் குழியில் வைப்பது வீட்டு வைத்தியம். நோவு தணிவது மெய். வைத்தியரும் அத்தைலத்தின் சத்தைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. ஆனால் அச்சத்துப் பிசின் இறுகுவதைத் தடுப்பது. தைலம் வைத்திருந்தவர் அதனை மறைக்காமற் சொன்னால், வைத்தியர் அதற்கேற்ற பொருளைத் தேர்ந்துகொள்வார்.

தற்காலிக அடைப்பு சில கிழமைகளுக்கு உரியது; எச்சிலிற் கரைவது. இவ்வூர்களில் நோன்பு மாதம் வந்ததும் அடுத்த வருகையை ஒத்திப்போடுவோர் உளர். 1997இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி, தொண்டைக்குள் எதுவும் விழுங்கப்படாதவரை பல்லடைப்பதாலோ பிடுங்குவதாலோ நோன்பு முறியாதென முடிவு கூறியது. ஐயமுள்ளவர் தம்மூர் ஆலிமைக் கேட்டுக்கொள்ளலாம். கேளாமலே இருந்துவிட்டு, பெருநாளும் கழிந்து, தங்கல் விருந்துகளும் முடிந்தபின் வைத்தியர்முன் வாய் திறப்பவரின் பல்லில் அடைப்பு இராது. குழி மட்டும் முன்னிலும் ஆழமாக இருக்கும்.