கால் வழுக்கும் பாசிக்குள் இத்தனை கில்லாடித்தனமா? தெரியுமா?

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. ஜவ்வாது மலையில் அமிர்தி. 1967-ல் தொடங்கிய உயிரியல் பூங்காவில் டிக்கெட் எடுத்து மானையும் மயிலையும் பார்த்துவிட்டு அருவிப் பக்கம் போவோம். ஈரப்பாறையில் கால் வைத்ததும்... சர்ர்ர்! "பாழாப்போன பாசி!" என்று வாய் முணுமுணுக்கும். கொஞ்சம் பொறுங்கள். டிக்கெட் இல்லாமல் காட்சி தரும் இந்தப் பாசிக் கூட்டத்தின் சாகசங்கள் தெரியுமா?

வெயிலும் கதிர்வீச்சுதான்!
உச்சிவெயிலின் புற ஊதாக் கதிர், உயிரணுவுக்குள் புகுந்து மரபிழையின் (டி.என்.ஏ.) பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளை ஒட்டவைத்துவிடும். நாம் மர நிழலுக்கு ஓடுவோம். பாறையில் ஒட்டிய பாசி எங்கே ஓடும்?

அதனிடமே குடை இருக்கிறது!
நீலப்பச்சைப்பாசிகள் பல, தம்மைச் சுற்றியுள்ள உறையில் 'சைட்டோனெமின்' என்ற பழுப்பு நிறமியைப் பூசிக்கொள்ளும். புற ஊதாக் கதிர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வெயில் காயும் பாறைகளில் கறுப்பும் பழுப்புமாகப் படிந்திருப்பதை அழுக்கு என்றா நினைத்தீர்கள்? பல இடங்களில் அது பாசி பிடித்த குடை!

அடிக்கிற கைதான் அணைக்கும்!
குடையை மீறிக் கதிர் நுழைந்தால்? 'போட்டோலயேஸ்' என்ற நொதி, ஒட்டிப்போன கண்ணிகளைப் பிரித்துவிடும். அதற்கான சக்தி நீல ஒளியிலிருந்து, அதாவது அதே வெயிலிலிருந்து! இந்த நொதியை ஆராய்ந்த அஜீஸ் சஞ்சாருக்கு 2015-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

5,000 கிரே... அசரவில்லை!
கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. உடல் முழுக்க 4, 5 கிரே காமா கதிர் பட்டால், சிகிச்சை இல்லாத மனிதர்களில் பாதிப்பேர் பிழைப்பதே கடினம். நெல் வயலுக்குத் தழைச்சத்து சேர்க்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப்பாசியின் இரண்டு வகைகள் மீது மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கோபால்ட்-60 கதிரைப் பாய்ச்சினார்கள். 5,000 கிரே வரை வளர்ச்சி குறையவே இல்லை! 2010-ல் வெளியான முடிவு இது.

அணு உலைத் தொட்டியில் குடித்தனம்!
பிரான்ஸின் கிரெனோபிள் நகரில், ஆய்வு அணு உலையின் எரிபொருள் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பச்சைப்பாசி வாழ்ந்துகொண்டிருந்தது. 20,000 கிரே வரை தாங்குமாம்! தண்ணீரிலுள்ள கதிரியக்கப் பொருள்களையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. 'கோக்கோமிக்ஸா ஆக்டினாபயோடிஸ்' என்று பெயர் சூட்டினார்கள்.

நீல ஒளி வீசும் நீர்க்கரடி!
பாசி மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரும் கில்லாடிதான்! பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகச் சுவரில் படர்ந்த பாசியில் (மாஸ்) நீர்க்கரடி என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்விலங்கு. இன்னொரு வகை நீர்க்கரடியை 15 நிமிடத்தில் கொல்லும் புற ஊதாக் கதிரை, இது ஒரு மணி நேரம் தாங்கியது! கொல்லும் கதிரை வாங்கிக்கொண்டு, தீங்கற்ற நீல ஒளியாக வெளியே விடுகிறது. 2020-ல் உலகுக்குச் சொன்னார்கள்.

எல்லோரும் பயில்வான்கள் அல்ல!
வீட்டு வாட்டர் பியூரிஃபையரின் யூ.வி. விளக்கு கிருமிகளை நொடிகளில் முடக்குகிறதே! தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் வைத்தாலே பெரும்பாலான நோய்க்கிருமிகள் காலி.

கடைசியாக, பெரிய குடை!
சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன், நீலப்பச்சைப்பாசிகள் விட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் ஓசோன் படலம். நம் தலைக்கு மேல் விரிந்திருக்கும் குடைக்குக் கம்பி கட்டியது நம் காலடியில் வழுக்குகிற பாசியின் முன்னோர்!

இனியும் வழுக்கினால் தாராளமாகத் திட்டுங்கள். இதைவிடப் பெரிய அடியெல்லாம் தாங்கிய கூட்டம் அது!