பளிங்குத் தூண்களும் படக்கருவியும்



பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் அடியெடுத்து வைக்கலாகாது என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற முதற்பாடம். ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வழக்கம் என்னை விடவில்லை. எச்செயலைக் கண்டாலும், இதற்கு முன்னேற்பாடு என்ன என்றே கேட்கத் தோன்றுகிறது. கிரேக்க நாட்டின் பழங்கோயில் ஒன்றில் திரைப்படம் எடுப்பதாயின் எவ்விதம் திட்டமிடல் வேண்டும்? அதனை இன்று ஆராய்வோம்.

ஏதென்ஸ் நகரின் நடுவே அக்ரோபோலிஸ் என்னும் பாறைக்குன்று நிற்கிறது. அதன் உச்சியிலுள்ள பார்த்தினன் கோயில் கி.மு. 447-இல் தொடங்கப்பெற்று 432-இல் நிறைவுற்றது. கி.பி. 1687-இல் துருக்கியர் அதனுள் வெடிமருந்தைச் சேமித்திருந்தனர். வெனிசியரின் குண்டு அதன்மேல் விழவே, கோயிலின் நடுப்பகுதி சிதறிற்று.

அது பகைவர் செய்த கேடு. நண்பர் செய்த கேடும் ஒன்று உண்டு. கற்களைப் பிணைக்கும் இரும்புக் கவ்விகளைப் பண்டைக் கைவினைஞர் ஈயத்தால் மூடிவைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் அந்த ஈயத்தை விட்டுவிட்டனர். இரும்பு துருவேறிப் பருத்தது, பளிங்கு பிளந்தது. 1975-இல் அமைந்த குழுவின் மேற்பார்வையில் அவ்விரும்பை அகற்றி, துருப்பிடிக்காத டைட்டானியத்தைப் பொருத்தலாயினர். காக்க வந்தவர் கையாலேயே கல் பிளந்ததென்றால், இரண்டு நாள் படமெடுக்க வருபவர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

ஆகவே, திட்டத்தின் முதற்படி காமிரா அன்று, விண்ணப்பமே. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகம், மத்தியத் தொல்லியல் மன்றத்தின் கருத்தைக் கேட்டு முடிவு செய்கிறது. எடுக்கப்படும் காட்சி எத்தகையது என்பதும் நோக்கப்படும். 2014-இல் வெளிவந்த 'தி டூ ஃபேசஸ் ஆஃப் ஜனவரி' படத்திற்கு இக்குன்றில் இசைவு கிடைத்தது. 2025-இல் கிரேக்கரேயான இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் 'புகோனியா' படத்திற்காகக் கேட்ட காட்சியோ, அச்சின்னத்தின் மதிப்புக்கு ஒவ்வாதது என்று மறுக்கப்பட்டது. அவர் மீலோஸ் தீவின் கடற்கரையை நாடினார். 'இயலாது' என்னும் விடைக்கும் திட்டத்தில் இடம் வைத்தல் அறிவுடைமை.

இரண்டாவது படி, இடத்தை நேரிற் காண்டல். பார்த்தினனின் முதன்மை முகப்பு கிழக்கு நோக்கியது. குன்றின் நுழைவாயிலோ மேற்கில் உள்ளது. எனவே நாம் நுழைந்ததும் காணும் பக்கத்தில் மாலை வெயிலே விழும்; முகப்பு வேண்டுமாயின் காலையே தக்க வேளை. கூட்டத்தையும் கணக்கிடல் வேண்டும். 2023-இல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் கடும் வெப்பத்தால் நண்பகல் வேளையில் வாயிலையே அடைக்க நேர்ந்தது.

மூன்றாவது, கருவிகள். அங்கே பாறைத் தரை மேடுபள்ளமானது, வழவழப்பானது. சுமை குறைவாகவும், தாங்கியின் கால்களில் ரப்பர் உறையுடனும் செல்லுதல் நன்று. தூணில் கயிறு கட்டலாகாது, ஆணி அறையலாகாது, மின்னாக்கி குன்றின் அடியிலேயே நிற்கட்டும். சண்டையும் தீயும் வேண்டும் காட்சிகளுக்கு அரங்கில் எழுப்பிய சாந்துத் தூண்கள் போதும்.

என் பள்ளி மேசைகளில் பெயர் செதுக்கிய மாணவர்களைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். பலகையையாவது மாற்ற முடிந்தது. 2,400 ஆண்டு கண்ட கல்லை மாற்ற எந்தத் தச்சனும் இல்லை. நாளை உங்களுள் எவரேனும் காமிராவுடன் ஒரு பழஞ்சின்னத்தின்முன் நிற்க நேர்ந்தால், முதலில் இதனை நினையுங்கள்.