சுகர் நோயாளியின் நோன்பு: எந்த அளவில் நிறுத்த வேண்டும்?

"விரலில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறியுமா ஹஜ்ரத்?" கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன் பக்கமெல்லாம் ரமலானில் நம்மிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். முறியாது. ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஹிஜாமாவே நோன்பை முறிக்காது. ஒரு துளி இரத்தம் எம்மாத்திரம்? இந்தச் சந்தேகத்தாலேயே சிலர் மாதம் முழுவதும் சோதிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்த 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை நோயின் வாசல். 126 அல்லது அதற்கு மேல், மறுமுறை பார்த்தும் அப்படியே வந்தால் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதம் அந்த எல்லை.

நோன்பாளிக்கு வேறு இரண்டு எண்கள் முக்கியம். 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். 70க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டும்போது, "மஃரிபுக்குப் பத்து நிமிடம்தானே, பொறுங்கள் வாப்பா" என்று வீட்டார் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மயங்கி விழலாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் இருக்கிறது. பிறகு களா செய்யலாம். நோய் தீராது என்ற நிலையில் ஃபித்யா உண்டு.

நோன்பு திறந்ததும் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத், தொதல் என்று போனால் சுகர் ஏறத்தான் செய்யும். தொதலை விடச் சொல்ல நமக்கே மனம் வருவதில்லை. ஒரு சிறு துண்டு போதும். மாத்திரை, இன்சுலின் அளவை நாமாக மாற்றக் கூடாது. ஷஃபானிலேயே மருத்துவரிடம் போய், ஸஹருக்கு எவ்வளவு, மஃரிபுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.