ஓடுகிற பொண்ணுக்கு யார் தண்ணீர் கொடுப்பது?



சமையல் குறிப்பும் கோலமும் வருகிற பக்கத்தில் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு, பள்ளிக்கூடத்தில் ஓடிய எலுமிச்சம்பழ ஸ்பூன் பந்தயத்தோடு சரி. ஆனால் எங்கள் பழங்காநத்தத்தில் விடியற்காலையில் பால் வாங்கப் போனால், பள்ளிக்கூடப் பொண்ணுகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஓடுவதைப் பார்க்கலாம். சில பேர் பஸ் ஏறி ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்கே போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே மனசில் ஒரு கேள்வியும் வருகிறது. இந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள்? கால் வலித்தால் யாரிடம் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் ஓ.பி.ஜெய்ஷா.

ஜெய்ஷா 1983-ல் கேரளத்து வயநாட்டில் பிறந்தவர். வீட்டில் கொடிய வறுமை. சின்ன வயசில் பசி தாங்காமல் மண்ணைத் தின்றதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி வளர்ந்த பொண்ணுதான் 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 5000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். எட்டு வருஷம் கழித்து, 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 1500 மீட்டரில் இன்னொரு வெண்கலம். அப்போது அவருக்கு வயசு 31. நம் ஊரில் அந்த வயசில், 'இனிமே என்ன, பிள்ளைகளைப் பார்' என்று சொல்லிவிடுவார்கள். அவரோ அதற்குப் பிறகுதான் மாரத்தானுக்கு வந்தார்.

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். நம் பழங்காநத்தத்திலிருந்து கிளம்பினால் திருமங்கலம் தாண்டி, விருதுநகரையே நெருங்கிவிடலாம். அவ்வளவு தூரத்தையும் நிற்காமல் ஓட வேண்டும். 2015 ஜனவரியில் மும்பையில் தேசிய சாதனை நேரத்தில் ஓடினார் ஜெய்ஷா. அதே வருஷம் ஆகஸ்டில் பீஜிங் உலகத் தடகளப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி, தன் சாதனையைத் தானே முறியடித்தார். 2019-ல் மும்பையில் சுதா சிங் எவ்வளவோ வேகமாக ஓடியும், அந்த நேரத்துக்கு 13 விநாடி பின்தங்கித்தான் முடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்டவர் 2016 ஆகஸ்ட் 14-ம் தேதி ரியோ ஒலிம்பிக்கில் 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில், 89-வது ஆளாக வந்தார். எல்லைக்கோட்டைத் தொட்டதும் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போய் க்ளுகோஸ் ஏற்றினார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் சொன்னது நாட்டையே உலுக்கியது. மாரத்தான் பாதையில் அந்தந்த நாட்டுக்காரர்கள் தங்கள் வீராங்கனைக்கு வேண்டிய பானத்தை மேஜையில் எடுத்து வைக்கலாம். மற்ற நாட்டு மேஜைகளில் ஆள் இருந்ததாகவும், நம் நாட்டு மேஜையில் கொடிதான் இருந்தது, தண்ணீர் கொடுக்க ஒருவரும் இல்லை என்றும் ஜெய்ஷா சொன்னார். போட்டி நடத்துகிறவர்கள் பொதுவில் வைக்கிற தண்ணீர் மட்டும்தான் கிடைத்தது, உச்சி வெயிலில் அது போதவில்லை என்றார்.

இந்தியத் தடகளச் சம்மேளனம் இதை மறுத்தது. தனியாகப் பானம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டோம், அவரும் பயிற்சியாளரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் என்றது. பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னேசரேவ் பெலாரஸ் நாட்டுக்காரர், 2021-ல் காலமாகிவிட்டார். அவர் தன்னிடம் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்றார் ஜெய்ஷா. விசாரணைக் குழு போட்டார்கள். போதாக்குறைக்கு, ரியோவில் அவரோடு ஒரே அறையில் தங்கிய சுதா சிங்குக்குப் பன்றிக்காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் ஜெய்ஷாவுக்கும் அதே காய்ச்சல் இருப்பது தெரிந்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஆனால் வீட்டுப் பொம்பளையாக எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஓடப் போவது அவர், தாகம் எடுக்கப் போவதும் அவருக்குத்தான். 'உனக்கு எந்த இடத்தில் என்ன வேணும்?' என்று அவரை நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டு எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதே! அவருடைய தாகத்தைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் முடிவெடுத்த மாதிரித்தான் எனக்குப் படுகிறது. நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? 'அவ அப்படித்தான், காலையில சாப்பிட மாட்டா' என்று நாமே சொல்லிவிடுகிறோம். அவளைக் கேட்பதில்லை.

இது ஜெய்ஷாவோடு தொடங்கிய கதையும் இல்லை. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை விட்டார். நாமெல்லாம் அன்று 'அடடா' என்று உச்சுக் கொட்டினோம். ஆனால் அங்கே அவர் என்ன சாப்பிட்டார் என்பது பல வருஷம் கழித்துத்தான் நமக்குத் தெரிந்தது. அங்குள்ள சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டாராம். கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று அவரே சொன்னார். ஒரு பதக்கம் கஞ்சியில் போனது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு 3000 மீட்டர் ஓடுகிறாள். கெட்டிக்காரி. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட், அதோடு கிளம்பிவிடுவாள். திரும்பி வந்து குளித்து, அரைகுறையாக ஒரு தோசை, உடனே ஸ்கூல். மூன்று மாசமாக முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. 'மீட் வருது அத்தை, சொன்னா கோச் டீம்ல இருந்து எடுத்துருவார்' என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடினாள். இதில் இன்னொன்று. நாலு மாசமாக அவளுக்கு வீட்டு விலக்கு வரவில்லை. 'நல்லதாப் போச்சு, மீட் நேரத்துல தொந்தரவு இல்ல' என்று அவள் பாட்டுக்கு இருந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கே தெரியாது.

கடைசியில் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். ஹீமோகுளோபின் 9. ஸ்கேனில் எலும்பில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். எட்டு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்த டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை ஒவ்வொரு அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டத்துக்குச் செலவாகிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால், உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறையும். அது குறைந்தால் எலும்பு பலவீனப்படும். பலவீனமான எலும்பில் தினமும் தார் ரோட்டில் ஓடினால் விரிசல் விழும். குறைந்த சாப்பாடு, நின்றுபோன விலக்கு, தேய்ந்த எலும்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பின்னியவை என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் 1992-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார்களாம். நமக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இரத்தசோகையோ நம் வீட்டுச் சொத்து மாதிரி. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே ஹீமோகுளோபின்தான். பொதுவாகப் பெண்களுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. 9-ஐ வைத்துக்கொண்டு 3000 மீட்டர் ஓடுவது, பாதி வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கழுவுகிற கதைதான்.

'அதான் சொன்னேன், பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?' என்று ஆரம்பித்தார் அவள் பாட்டி. இந்தப் பேச்சு பாட்டியோடது மட்டும் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்துப் போனதைப் பெரிசு பண்ணி, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி 1960-ல்தான் சேர்த்தார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்ததே 1984-ல்தான். அந்த முதல் மாரத்தானில் ஜெயித்த அமெரிக்கப் பெண் ஜோன் பெனாய்ட், தன் நாட்டுத் தேர்வுப் போட்டிக்கு 17 நாள் முன்னால் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்!

இங்கிலாந்தின் பாலா ராட்க்ளிஃபையும் எடுத்துக்கொள்ளுங்கள். 14 வயசிலேயே ஆஸ்துமா. அப்படியும் 2003-ல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் மாரத்தான் ஓடி, 2019 வரைக்கும் யாரும் தொட முடியாத உலக சாதனை வைத்தார். ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் காலில் காயம். அதற்குச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. நடு ரோட்டில் நின்று அழுதுகொண்டே பந்தயத்தை விட்டார். 'பாதியில் விட்டவள்' என்று பத்திரிகைகள் கிழித்தன. அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார். 2007 ஜனவரியில் குழந்தை பெற்று, நவம்பரில் மறுபடி நியூயார்க்கில் ஜெயித்தார்.

நின்றால் எல்லாம் முடிந்துபோகும் என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏதென்ஸில் நின்றதால் அவர் ஓட்டம் முடிந்துபோகவில்லை.

எங்கள் தெருப் பொண்ணு எட்டு வாரமும் ஓடவில்லை. பாட்டியின் பேச்சுக்கு அவள் அம்மாவும் அசரவில்லை. இப்போது காலையில் கிளம்பும்போது இரண்டு வாழைப்பழம், வந்ததும் ராகிக் கூழும் அவித்த முட்டையும். சாயங்காலம் சுண்டலோ வேர்க்கடலையோ. முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பாட்டோடு டீ கிடையாது, ஏனென்றால் அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை தனி. விலக்குத் தேதியை அம்மாவும் பொண்ணும் சேர்ந்து காலண்டரில் குறிக்கிறார்கள். மெள்ள மெள்ள நடந்து, பிறகு மண் தரையில் ஓட ஆரம்பித்திருக்கிறாள். இதில் எதுவும் பெரிய செலவு இல்லை.

தோழிகளே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓடுகிற பொண்ணு இருந்தால், எத்தனாவது வந்தாய் என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். சாப்பிட்டியா? எங்கேயாவது வலிக்குதா? இந்த மாசம் குளிச்சியா? பயிற்சியாளர்களுக்கும் பி.டி. டீச்சர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வலி என்று சொல்கிற பிள்ளையை டீமிலிருந்து தூக்கிவிடுவோம் என்ற பயத்தை அவள் மனசில் விதைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தரமாவது இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பந்தயத்தன்று கையில் தண்ணீரோடு ஒருவர் நில்லுங்கள், அவள் கேட்காவிட்டாலும்.

– ஒரு வாசகி,
பழங்காநத்தம், மதுரை.