வீட்டு மின்தேவைக்கு மென்படலச் சூரியத் தகடுகள்: கூரைப் பரப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வெப்பமிகு நிலப்பகுதிகளுக்கு மென்படலச் சூரியத் தகடுகளே ஏற்றவை என்னும் கருத்து வீட்டுப் பயன்பாட்டிற்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வெப்பநிலை, கூரைப் பரப்பு, எடை, கழிவு ஆகிய நான்கும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: மென்படலம், காட்மியம் டெல்லுரைடு, படிகச் சிலிக்கன், வெப்பநிலைக் கெழு, கூரைப் பரப்பு

முன்னுரை

இந்தியக் கூரைகளில் இன்று பெரும்பான்மையாக இடம்பெறுவன படிகச் சிலிக்கன் தகடுகளே. எனினும், மென்படலத் தொழில்நுட்பம் தமிழகத்திற்கு அயலானதன்று. காட்மியம் டெல்லுரைடு தகடுகளை உற்பத்தி செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை, ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் திறனுடன் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் இவ்வகைத் தகடுகள் பெரும் சூரிய மின்நிலையங்களிலேயே மிகுதியும் பயன்படுகின்றன. இதற்கான காரணத்தை அறிவது, வீட்டிற்குத் தகடு தேர்ந்தெடுப்போர்க்கு இன்றியமையாதது.

மென்படலம் என்பது யாது?

படிகச் சிலிக்கன் ஒளியை மெதுவாகவே உட்கவரும். எனவே அதன் சீவல் ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் தடிமன் உடையதாக இருக்கும். காட்மியம் டெல்லுரைடு ஒளியை விரைந்து உட்கவர்வதால் அதற்குச் சில மைக்ரோமீட்டர் படலமே போதும். செம்பு-இண்டியம்-காலியம்-செலினைடு, படிகமற்ற சிலிக்கன் ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவை. இங்கு ‘மென்மை’ என்பது ஒளியை உட்கவரும் அடுக்கின் தடிமனையே குறிக்கும். தகட்டின் எடையைக் குறிக்காது. காட்மியம் டெல்லுரைடு படலம் இரு கண்ணாடிகளுக்கு இடையில் வைக்கப்படுவதால் அத்தகடு எடை மிகுந்ததாகவே அமைகிறது.

வெப்பநிலையும் கூரைப் பரப்பும்

தகட்டின் திறன் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அளவிடப்படுகிறது. கோடை நண்பகலில் தகட்டின் வெப்பநிலை 60 டிகிரியை எட்டுவது இயல்பு. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் படிகச் சிலிக்கன் ஏறத்தாழ 0.35 விழுக்காடும், காட்மியம் டெல்லுரைடு 0.28 விழுக்காடும், படிகமற்ற சிலிக்கன் 0.2 விழுக்காடும் திறனை இழக்கின்றன எனக் கொள்வோம். 35 டிகிரி உயர்வில் இழப்பு முறையே 12.25, 9.8, 7 விழுக்காடு ஆகிறது. ஒரு கிலோவாட் அமைப்பில், படிகச் சிலிக்கனைவிடக் காட்மியம் டெல்லுரைடு தரும் கூடுதல் திறன் ஏறத்தாழ 25 வாட் மட்டுமே.

இக்கணக்கு கிலோவாட்டை அடிப்படையாகக் கொண்டது. வீட்டு உரிமையாளரிடம் வரையறுக்கப்பட்டிருப்பதோ கூரைப் பரப்பு. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, துணி உலர்த்தும் இடம் ஆகியன போக மொட்டை மாடியில் 10 சதுர மீட்டர் எஞ்சுவதாகக் கொள்வோம். 22 விழுக்காட்டுத் திறனுள்ள படிகச் சிலிக்கன் அங்கு 2.2 கிலோவாட் அளவில் அமையும். 60 டிகிரியில் 1.93 கிலோவாட் தரும். 19 விழுக்காட்டுத் திறனுள்ள காட்மியம் டெல்லுரைடு 1.71 கிலோவாட்டும், 7 விழுக்காட்டுத் திறனுள்ள படிகமற்ற சிலிக்கன் 0.65 கிலோவாட்டும் தரும். வெப்பத்தில் குறைவாக இழக்கும் தகடே மொத்த விளைவில் பின்தங்குகிறது. நிலம் பரந்துள்ள மின்நிலையத்திற்கு இக்குறை பொருட்டன்று. சிறு வீட்டிற்கு அதுவே தீர்மானிக்கும் கூறு.

படிகமற்ற சிலிக்கனுக்கு வேறொரு குறையும் உண்டு. தொடக்க மாதங்களில் ஒளி பட்டவுடன் அதன் திறன் குறையும் என்பதை ஸ்டேப்ளர், ரான்ஸ்கி ஆகியோர் 1977-இல் வெளிப்படுத்தினர். ஆதலால் நிலைப்பட்ட பின் எஞ்சும் திறனையே விற்பனையாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மேலும், 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் கூரைச் சூரிய மின்திட்டம், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம் வழங்குகிறது. மானியம் நிறுவுதிறனைச் சார்ந்தது. ஆகவே, குறுகிய கூரையில் திறன் குறைந்த தகட்டை அமைப்பவர் மின்சாரத்தோடு மானியத்தின் ஒரு பகுதியையும் இழக்க நேரிடும்.

எடை தாங்காத கூரைகள்

தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சதுர மீட்டருக்குப் பதினொரு கிலோவுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகட்டையும் அதன் சட்டகத்தையும் தாங்குவது அரிது. இவ்விடத்தில் நெகிழ்தகடுகளாக வரும் செம்பு-இண்டியம்-காலியம்-செலினைடு மென்படலம் உண்மையான மாற்றாகிறது. துளையிடாமல் ஒட்ட இயல்வது இதன் சிறப்பு. ஆனால் ஒட்டப்பட்ட தகட்டின் அடியில் காற்றோட்டம் இராது. எனவே அதன் வெப்பநிலை மேலும் உயர்ந்து, முற்கூறிய நன்மையின் ஒரு பகுதி கரையும். கூரையே விரைவில் மாற்றப்பட வேண்டிய நிலையில் இருப்பின் ஒட்டுதல் பொருந்தாது.

கழிவு

காட்மியம் நச்சுத்தன்மை உடையது. டெல்லுரியத்துடன் சேர்ந்த சேர்மமாக, கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும்போது அது நீரில் எளிதில் கரைவதில்லை. சிக்கல் எழுவது, உடைந்த தகடு பழைய இரும்புக் கடைக்கோ குப்பைமேட்டிற்கோ செல்லும்போதுதான். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் சூரியத் தகடுகளையும் உள்ளடக்கியுள்ளன. பயன்முடிந்த தகட்டைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை வாங்கும்போதே எழுத்து வடிவில் பெறுதல் நன்று.

முடிவுரை

வெப்பத்தைத் தாங்கும் பண்பு மென்படலத்தின் மெய்யான சிறப்பே. எனினும் வீட்டளவில் அச்சிறப்பைக் கூரைப் பரப்பின் குறுக்கம் விஞ்சிவிடுகிறது. உறுதியான சிறு மொட்டை மாடிக்குப் படிகச் சிலிக்கனும், எடை தாங்காத பரந்த கூரைக்கு நெகிழ் மென்படலமும் பொருந்துவன. ஆதலின் தகட்டின் வகையைக் கேட்கும் முன் கூரையை அளத்தலே முறையான தொடக்கமாகும்.