மீட்டர் சொல்லாத வயது

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதைத்தான். மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். 2005-ல் அறிமுகமாகி, 2024-ல் நான்காம் தலைமுறையைத் தொட்டுவிட்ட இந்தச் சிறிய கார், பழைய கார் சந்தையில் எல்லா வயதிலும் கிடைக்கிறது. ஆனால், குறைவாக ஓடியது என்பதாலேயே இன்ஜின் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதற்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலின் ஹைட்ரஜன், காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. பெரும்பகுதி ஆவியாகிச் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி, இன்ஜின் ஆயிலில் கலக்கும். நெடுந்தூரம் ஓடும் காரில் ஆயில் நன்கு சூடேறி, அந்த ஈரத்தை வெளியேற்றிவிடும். பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றும் காரில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டுவிடுகிறது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன. சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. ஆகவே, ஒழுங்காகச் சர்வீஸ் செய்து நெடுஞ்சாலையில் 80,000 கி.மீ. ஓடிய கார், ஊருக்குள்ளேயே 30,000 கி.மீ. ஓடிய காரைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.

இதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் நல்லது. கறுத்துக் கெட்டியான கசடு இருந்தால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். மோர்க்குழம்பு மாதிரி வெளிறிய பசை இருந்தால், ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கூடவே கூலன்ட்டும் குறைந்திருந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் இருப்பது டைமிங் செயின். அதன் டென்ஷனரை ஆயில் அழுத்தம்தான் இறுக்கிப் பிடிக்கிறது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் எழும் கடகட சத்தம் ஓரிரு நொடிகளில் அடங்காவிட்டால், செயினோ டென்ஷனரோ தேய்ந்திருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

மீட்டரைச் சரிபார்க்க டயர் உதவும். டயரின் பக்கவாட்டில் '3222' என்றிருந்தால், அது 2022-ன் 32-ஆவது வாரத்தில் தயாரானது. 20,000 கி.மீ. காட்டும் 2019 மாடல் காரில் நான்கு டயர்களும் அப்படி இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். 2015, 2023 வெள்ளங்களைக் கண்ட சென்னை வண்டியாக இருந்தால், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடன் முடிந்ததற்கு வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-உம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். இந்தச் சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வண்டி பாருங்கள்.