குடியை நிறுத்தும் முதல் மூன்று நாட்கள்

"குடியை விடு" என்று சொல்வது எமக்கு எளிது. ஆனால் பல வருடங்களாக நாள்தோறும் சாராயமோ கசிப்போ அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிராபத்தும் நேரலாம்.

மதுசாரம் மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க மூளை தன்னை எந்நேரமும் முடுக்கி வைக்கப் பழகிவிடுகிறது. மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டுமே எஞ்சுகிறது. சில மணித்தியாலங்களில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாட்களில் சிலருக்கு மனம் குழம்பும். இல்லாதவை கண்ணுக்குத் தெரியும்.

இதைப் பேய்பிடித்தது என்றெண்ணி அறையில் பூட்டாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம். அங்கு டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயமின் என்னும் விற்றமினும் கொடுப்பார்கள்.

குடியை விடத் துணிந்தவரை அந்த மூன்று நாட்களும் தனியே விடாதிருப்பதே எமது முதற் கடமை.